இங்கிலாந்து ஏலத்துல பழைய பீங்கான் வாங்குறது: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் இருக்கிறது இங்கிலாந்துல, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு முக்கால் மணி நேர டிரைவ். சிவகாசின்னா பட்டாசு மாதிரி ஸ்டோக்னா பீங்கான். வேலைக்கு வந்த புதுசுல மலிவா சோபா கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னத நம்பி ஒரு ஏலக்கூடத்துக்குப் போனேன், சோபா வாங்கல, எட்டு பவுண்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய தட்டு தூக்கிட்டு வந்தேன், வீட்டுல என்ன பாட்டு விழுந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கங்க. அது ஆகிப்போச்சு 11 வருஷம்.

இப்ப சொந்தக்காரங்க, ஆபீஸ் பசங்க, ஊர்ல இருந்து ஃபோன் பண்றவங்க எல்லாரும் கேக்குறது அதே கேள்விங்கதான். ஒவ்வொரு தடவையும் வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

"அண்ணா, ஆன்டிக்னா எத்தனை வருஷம் ஆகியிருக்கணும்? எங்க அப்பத்தா ஊறுகா ஜாடி ஆன்டிக்கா?"

வியாபாரத்துல பொதுவா 100 வருஷம்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, இந்தியச் சட்டத்துலயும் அதே 100 வருஷம்தான், சுவடி கையெழுத்துப் பிரதி மாதிரி ஐட்டம்னா 75. அதுக்குக் கீழ இருந்தா "விண்டேஜ்"னு சொல்லி விப்பாங்க, அந்த வார்த்தைக்கு எல்லையே கிடையாது, எங்க ஸ்கூல் டிஃபன் பாக்ஸ் கூட விண்டேஜ்தான்.

அப்பத்தா ஜாடி 100 வருஷம் தாண்டியிருக்கலாம், ஆனா பழசுங்கிறதும் விலை போறதும் வேற வேற. மேல் பாதி பிரவுன், கீழ் பாதி வெள்ளையா இருக்கிற அந்தக் கல்பீங்கான் ஜாடி லட்சக்கணக்குல செஞ்சது. அத வித்துக் காசு பாக்க முடியாது, ஆனா மாங்கா ஊறுகா போட அத விட நல்ல பாத்திரம் கிடையாது, அதுலயே போடுங்க.

"ஏலத்துக்கு நாம போலாமா, இல்ல கோட்டு சூட்டு போட்ட பெரிய ஆளுங்களுக்கு மட்டுமா?"

தாராளமாப் போலாம். டிவில வர்ற லண்டன் ஏலம் வேற, ஊருக்கு ஊர் நடக்குற ஏலம் வேற. எங்க பக்கம் நடக்குறதுல பாதிப் பேர் செருப்புல சேறோட வந்து நிப்பாங்க, டீ ஒரு பவுண்டு, பேக்கன் ரோல் வாசனை. ஐடியக் காட்டி பேர் பதிஞ்சா ஒரு நம்பர் அட்ட குடுப்பாங்க, அத தூக்குனா உங்க கேள்வி (நீங்க ஏலத்துல கேக்குற விலை) விழுந்துச்சுன்னு அர்த்தம். மூக்கச் சொறிஞ்சா சாமான் தலையில விழும்ங்கிறதெல்லாம் சும்மா காமெடி, சந்தேகம்னா ஏலம் போடுறவரே "உங்க கேள்வியா சார்"னு கேப்பாரு.

இந்தியாவுலயும் இந்த மாதிரி உண்டு. கல்கத்தா ரஸ்ஸல் தெருவுல 1940ல ஆரம்பிச்ச ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஞாயித்துக்கிழமை ஏலத்துக்குப் பேர் போனது. முக்கியமான விஷயம், ஏலத்துக்கு முந்தின நாளோ அன்னைக்குக் காலையிலயோ "வியூயிங்"னு வைப்பாங்க, சாமானக் கையில எடுத்துப் பாக்கலாம். ஏலத்த மிஸ் பண்ணாலும் பரவால்ல, வியூயிங்க மிஸ் பண்ணாதீங்க. முதல் ஆறு மாசம் எதையும் வாங்காம வியூயிங் மட்டும் போய்ட்டு வந்தீங்கன்னா மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி பத்து வருஷம் பாத்தாலும் கிடைக்காத பழக்கம் விரலுக்கு வரும்.

"ஏலம் 100 பவுண்டுல முடிஞ்சா 100 பவுண்டு குடுத்தாப் போதும்ல?"

இல்லப்பா, இங்கதான் எல்லாரும் முதல் தடவை அடி வாங்குறது. சுத்தியல் அடிச்ச விலை ஹேமர் பிரைஸ், அதுக்கு மேல வாங்குறவர் தலையில பையர்ஸ் பிரீமியம். கிறிஸ்டீஸ், சோத்பீஸ்னு ரெண்டு பெரிய ஏலக்கம்பெனியும் 1975ல 10 சதவீதம்னு இத லண்டன்ல கொண்டுவந்தாங்க, அப்ப வியாபாரிங்க எல்லாம் சண்டைக்குப் போனாங்க, இன்னைக்கு சின்ன ஊர் ஏலத்துலயே 20ல இருந்து 28 வரைக்கும் வாங்குறாங்க, யாரும் வாயத் திறக்குறதில்ல. அந்தப் பிரீமியத்துக்கு மேல 20 சதவீதம் வாட் வரி.

கணக்கு போட்டுக் காட்டுறேன். ஹேமர் 100. பிரீமியம் 25 சதவீதம்னா 25. அதுக்கு வாட் 5. ஆன்லைன்ல கேட்டிருந்தா அந்த சைட்டுக்கு ஒரு 5 சதவீதம், அதுக்கும் வாட், ஆக 6. மொத்தம் 136. பேக் பண்ணி அனுப்ப 25ன்னு வச்சா 161. அதனால நான் மனசுல முதல்ல மொத்தக் காச முடிவு பண்ணிட்டு, அதுல இருந்து பின்னாடி வந்து எவ்வளவு வரைக்கும் கை தூக்கலாம்னு கேட்டலாக் ஓரத்துல பென்சில்ல எழுதிக்குவேன். அந்த நம்பரத் தாண்டி "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு கை போச்சுன்னா அட்டைய வைஃப் கிட்ட குடுத்துடணும்.

"ஏலம் போடுறவர் யாருமே கை தூக்காம விலைய ஏத்திக்கிட்டே போறாரு, இது ஃப்ராடு தானே?"

பாத்தா அப்படித்தான் தெரியும். விக்கிறவர் "இதுக்குக் கீழ தரமாட்டேன்"னு ஒரு விலை சொல்லியிருப்பாரு, அதுதான் ரிசர்வ், நமக்குச் சொல்லமாட்டாங்க. அந்த ரிசர்வ் வரைக்கும் ஏலம் போடுறவர் விக்கிறவர் சார்பா கேள்விய ஏத்தலாம், அது அனுமதிச்சதுதான், ரிசர்வத் தாண்டி அப்படிப் பண்ணாதான் தப்பு. நேர்ல வராதவங்க முன்னாடியே எழுதிக் குடுத்துட்டுப் போன கேள்வியும் அவர் புக்குல இருக்கும், அதையும் அவரே சொல்லிக்கிட்டிருப்பாரு.

உண்மையான ஃப்ராடு வேற இடத்துல. நாலஞ்சு வியாபாரிங்க சேர்ந்து ஒருத்தர் மட்டும் கேக்கிறதுன்னு பேசி வச்சு, மலிவா எடுத்து, அப்புறம் கார் பார்க்ல தங்களுக்குள்ள தனி ஏலம் போட்டுக்குவாங்க, இதுக்கு "ரிங்"னு பேர். 1927லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு.

கேட்டலாக்ல இருக்கிற எஸ்டிமேட்ட ரொம்ப நம்பாதீங்க. 2022ல பிரான்ஸ்ல ஃபோன்டென்ப்ளோல ஒரு நீலச் சீன ஜாடிக்கு 1,500ல இருந்து 2,000 யூரோன்னு போட்டாங்க, இருபதாம் நூற்றாண்டு சாமான்னு அவங்க நிபுணர் சொன்னாரு, ஆனா ஏலத்துல போட்டி போட்டவங்க பதினெட்டாம் நூற்றாண்டுன்னு நம்புனாங்க, 77 லட்சம் யூரோவுக்கு சுத்தியல் விழுந்துச்சு, நிபுணருக்கு வேலை போச்சு. யார் சரின்னு கேட்டா, நிபுணர் கடைசி வரைக்கும் தான் சொன்னதுலயே நின்னாரு.

"பழசா புதுசான்னு அடியில இருக்கிற முத்திரைய வச்சுச் சொல்லிடலாம்ல?"

இங்கிலீஷ் சாமானுக்கு ஓரளவு சொல்லலாம். 1890ல அமெரிக்காவுல மெக்கின்லி வரிச்சட்டம் வந்துச்சு, 1891ல இருந்து இறக்குமதி சாமான்ல நாட்டுப் பேர் இருக்கணும்னு, அதுக்கப்புறம்தான் "இங்கிலாண்ட்"னு அடியில போடுறது பரவலாச்சு. "மேட் இன் இங்கிலாண்ட்"னு இருந்தா பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ஜப்பான் சாமான்ல "நிப்பான்"னு இருந்தா 1891க்கும் 1921க்கும் நடுவுல, அதுக்குப் பிறகு "ஜப்பான்". அதே மாதிரி வைரம் ஷேப்புல நாலு மூலையிலயும் எழுத்தும் நம்பருமா ஒரு முத்திரை இருந்தா 1842 முதல் 1883 வரைக்கும் டிசைன் பதிவு பண்ண அடையாளம், 1884ல இருந்து வெறும் ரிஜிஸ்டர் நம்பர். பாருங்க, அந்தத் தேதி டிசைன் பதிஞ்ச தேதிதான், தட்டு செஞ்ச தேதி இல்ல, அதே டிசைன அப்புறம் இருபது வருஷம் கூட அடிச்சிருப்பாங்க.

மத்தபடி முத்திரைங்கிறது கடைசியாப் பாக்க வேண்டியது. பாரிஸ்ல 1845ல ஆரம்பிச்ச சாம்சன்னு ஒரு கம்பெனி, ஜெர்மனி மைசன் பீங்கானோட கத்தி முத்திரையில இருந்து சீனாக்காரன் ஐரோப்பிய குடும்பங்களுக்குப் போட்டுக் குடுத்த சின்னம் வரைக்கும் எல்லாத்தையும் காப்பி அடிச்சாங்க, இப்ப அந்தக் காப்பியே ஆன்டிக் ஆகி அதையும் தேடிச் சேக்குற ஆளுங்க இருக்காங்க. முதல்ல பாருங்க எடை, அடிவளையம் (பாத்திரம் நிக்கிற அடி விளிம்பு) எப்படித் தேஞ்சிருக்கு, நீலம் மெருகுக்கு (கண்ணாடி மாதிரி மேல்பூச்சு) உள்ள இருக்கா மேல இருக்கா. உண்மையான தேய்மானம் தட்டு மேசையில எங்கப் படுமோ அங்கதான் இருக்கும், அதுவும் கோணல்மாணலா. ஒரே சீரா வட்டமா கீறல் இருந்தா உப்புத்தாள் வேலை.

"என்கிட்ட ஒரு ஜாடி இருக்கு, அடியில சைனீஸ்ல காங்ஷி ராஜா பேர் இருக்காம். 300 வருஷமா?"

நீல பேக்ரவுண்டுல வெள்ளப் பூ, கண்ணாடி விரிஞ்ச மாதிரி கோடு, நாலு எழுத்து முத்திரை, மூடி ஒரு வேள இருக்கும் ஒரு வேள இருக்காது, அதானே? இஞ்சி ஜாடின்னு சொல்லுவாங்க. நூத்துக்குத் தொண்ணூறு அது பத்தொம்பதாம் நூற்றாண்டுக் கடைசி. காங்ஷி ஆண்டது 1662ல இருந்து 1722, அந்தப் பேர் 200 வருஷம் கழிச்சும் போட்டாங்க.

இத மோசடின்னு சொல்லிட முடியாது. சீனாவுல முந்தின ராஜா பேரப் போடுறது பழைய காலத்து வேலைக்குக் காட்டுற மரியாதை. வேடிக்கை என்னன்னா காங்ஷி காலத்துலயே, 1677ல, பீங்கான் செய்யிற ஜிங்டெஜன் ஊர் அதிகாரி ஒருத்தர் ராஜா பேர பீங்கான்ல போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, உடைஞ்சு குப்பைக்குப் போனா ராஜாவுக்கு அவமானம்னு. அதனால நெஜமாவே காங்ஷி காலத்து ஏற்றுமதிச் சாமான்ல நிறைய அவர் பேரே இருக்காது, வெறும் ரெட்டை வட்டமோ, ஒரு இலையோ, இல்ல அவருக்கு 200 வருஷம் முந்தின செங்ஹுவா ராஜா பேரோ இருக்கும். பேர் இருக்கிறது புதுசு, பேர் இல்லாதது பழசு! கேட்டலாக்ல "காங்ஷி"ன்னு இருக்கா, "காங்ஷி ஸ்டைல்"னு இருக்கா, "காங்ஷி முத்திரை, பின்னாளையது"ன்னு இருக்கான்னு ஒவ்வொரு வார்த்தையாப் படிங்க. "ஸ்டைல்"ங்கிற ஒத்த வார்த்தை விலையில முக்காவாசியத் தின்னுடும்.

"விரிசல் இருக்கா, ஒட்டுனதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

சந்தையில மண்பானை வாங்கும்போது எங்கம்மா தட்டிப் பாப்பாங்க பாருங்க, அதேதான். தட்ட விரல் நுனியில நிறுத்தி, ஓரத்துல நகத்தால லேசா சுண்டுங்க. "கிணிங்"னு இழுத்து நின்னா நல்லது, "டொக்"குன்னா எங்கயோ விரிசல் இல்ல ஒட்டு. குண்டு ஜாடி, தடியான மண் வகைக்கு இது செல்லாது.

அப்புறம் ஃபோன் டார்ச்ச பின்னாடி வச்சுப் பாத்தா முடி மாதிரி கோடு (ஹேர்லைன்) தெரியும். யூவி டார்ச் ஒண்ணு பத்து பவுண்டுக்கு வாங்கிக்கங்க, இருட்டுல அடிச்சா புதுப் பசையும் பெயிண்டும் தனியா மின்னும். வியாபாரிங்க பாத்திரத்த பல்லுல லேசாத் தட்டுவாங்க, அசல் மெருகு கண்ணாடி மாதிரி கடினமா இருக்கும், ரிப்பேர் பெயிண்ட் சாஃப்ட்டா இருக்கும், பாக்க அசிங்கமா இருந்தாலும் வேலை செய்யும். மெருகுல மட்டும் வலை மாதிரி ஓடுற கோடு விரிசல் இல்ல, அதுக்குப் பேர் க்ரேஸிங், பயப்பட வேண்டாம்.

சில தட்டுல பின்னாடி உலோகக் கம்பி ஊக்கு குத்தி உடைஞ்சத இணைச்சிருப்பாங்க. பிளாஸ்டிக் பசை வர்றதுக்கு முந்தி, நம்ம தெருவுல ஈயம் பூசுறவர் வர்ற மாதிரி இங்கயும் பீங்கான் தைக்கிறவங்க வருவாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், விலையும் பாதிக்குக் கீழ போயிடும், முழுசா இருந்தா நம்மால நினைச்சே பாக்க முடியாத பதினெட்டாம் நூற்றாண்டு தட்டு என்கிட்ட ரெண்டு அப்படித்தான் வந்துச்சு.

"போட்டோ பாத்து ஆன்லைன்லயே எடுத்துடலாம்ல, எதுக்கு அலையணும்?"

எடுக்கலாம், நானும் எடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு தடவை நாலு போட்டோ போட்டு ஒரு பெரிய ஜாடி, கண்டிஷன் ரிப்போர்ட் (என்ன குறை இருக்குன்னு ஏலக்கூடம் எழுதித் தர்றது) கேக்காம எடுத்தேன். பெட்டியப் பிரிச்சா கழுத்துல இருந்து அடி வரைக்கும் ஒட்டு, போட்டோல அந்தப் பக்கம் திரும்பியே இருக்கல. கேட்டலாக்க மறுபடி பாத்தா தலைப்புக்குக் கடைசில "ஏ/எஃப்"னு ரெண்டு எழுத்து. "இருக்கிறது இருக்கிறபடி"ன்னு அர்த்தம், வியாபாரிங்க பாஷையில "குறை உண்டு, அப்புறம் என்னைக் கேக்காத". தப்பு முழுக்க என் மேலதான்.

அதனால ஏலத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெயில் போட்டு கண்டிஷன் ரிப்போர்ட் கேளுங்க, "நல்லா இருக்கா"ன்னு கேக்காம "சில்லு, ஹேர்லைன், ஒட்டு, மறு பெயிண்ட் எங்கயாவது இருக்கா, அடிவளையத்து போட்டோ அனுப்புங்க"ன்னு குறிப்பாக் கேளுங்க. நிறைய சின்ன ஏலக்கூடம் பேக் பண்ணி அனுப்பாது, நீங்களே கூரியர் பிடிக்கணும், உடைஞ்சா பீங்கானுக்கு இன்ஷூரன்ஸ் இல்லம்பாங்க. முன்னாடியே கேட்டுக்கங்க.

"கடல்ல மூழ்கின கப்பல்ல இருந்து எடுத்த பீங்கான்னு விக்கிறாங்களே, அது நெஜமா?"

நெஜம்தான், எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட்டும் இதுதான். நாகப்பட்டினத்த 1658ல இருந்து 1781 வரைக்கும் கையில வச்சிருந்த அதே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட கப்பல் ஒண்ணு, கெல்டர்மால்சன். சீனாவுல கேன்டன்ல தேயிலை, பட்டு, தங்கம், பீங்கான் எல்லாம் ஏத்திட்டு ஹாலந்துக்குக் கிளம்பி 1752 ஜனவரி 3ஆம் தேதி தென்சீனக் கடல்ல பாறையில மோதி முழுகிச்சு. 112 பேர்ல 32 பேர்தான் தப்பிச்சாங்க. 1980கள்ல மைக்கேல் ஹாட்சர்ங்கிறவர் கண்டுபிடிச்சு லட்சத்துக்கும் மேல பீங்கான வெளிய எடுத்தாரு, 1986ல கிறிஸ்டீஸ் ஆம்ஸ்டர்டாம்ல "நான்கிங் கார்கோ"ன்னு பேர் வச்சு வித்தாங்க. பெட்டியச் சுத்தி இருந்த தேயிலைதான் 230 வருஷம் பீங்கான உடையாமக் காப்பாத்துச்சு. கம்பெனிக்கு அன்னைக்கு தேயிலைதான் முக்கியச் சரக்கு, பீங்கான் கப்பலோட அடி எடைக்குப் போட்ட சரக்கு!

அவ்வளவு வந்ததால சின்ன கைப்பிடி இல்லாத கப்பும் சாசரும் இன்னைக்கும் சாதாரண ஏலத்துல வருது, நம்மளால வாங்க முடியிற விலையில. அடியில 1986 ஏலத்து லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதக் கழுவி எடுத்துடாதீங்க, பாதி விலை அந்தக் காகிதத்துக்குத்தான். உப்புத்தண்ணியில மெருகு மங்கிப் போனதும் நல்லாப் பளிச்சுன்னு இருக்கிறதும் விலையில ரொம்ப வித்தியாசம். இதே ஹாட்சர் 1999ல டெக் சிங்னு ஒரு சீனக் கப்பலையும் எடுத்தாரு, 1822ல முழுகுனது, 1,500 பேருக்கு மேல செத்தாங்க, அதுல இருந்து மூணரை லட்சம் பீங்கான் 2000ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல ஏலம் போச்சு.

ஆனா இத வாங்குறதுல ஒரு உறுத்தல் இருக்கு. அவசரமா சரக்க மட்டும் அள்ளினதால எந்தப் பெட்டி எங்க இருந்துச்சு, யார் ரூம்ல என்ன இருந்துச்சுங்கிற தகவல் எல்லாம் போயே போச்சுன்னு தொல்லியல்காரங்க திட்டுறாங்க, நியாயம்தான். இந்தோனேசியாவுல பெலிதுங் தீவு பக்கத்துல கிடைச்ச ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பல் சரக்க சிங்கப்பூர் 2005ல 3 கோடி டாலருக்கு மேல குடுத்து மொத்தமா வாங்கி, பிரியாம மியூசியத்துல வச்சிருக்கு. அந்தச் சரக்கையே 2012ல அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியம் காட்சிக்கு வைக்கிறதா இருந்து, எடுத்த விதம் சரியில்லன்னு எதிர்ப்பு வந்து 2011லயே நிறுத்துனாங்க. நான் ரெண்டு கப் வச்சிருக்கேன். 1986க்கு அப்புறம் எடுத்த கப்பல் சாமான் எதுவும் வாங்குறதில்லன்னு எனக்கு நானே ஒரு கோடு போட்டிருக்கேன், அது லாஜிக்கான கோடான்னு கேட்டா முழிப்பேன்.

சீனப் பீங்கான் நம்ம கரைக்கும் வந்ததுதான். ராமநாதபுரம் பெரியபட்டினத்துல தோண்டுனப்ப சீன ஓடு நிறைய கிடைச்சது, கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டுலயும். அந்த ஓடு யாராவது "வேணுமா"ன்னு காட்டுனா வாங்காதீங்க, ஏன்னு கீழ காரைக்குடி கேள்வில வருது.

"இதுல சாப்பிடலாமா?"

மெருகுக்குக் கீழ நீலம் போட்ட நல்ல பீங்கான், க்ரேஸிங் இல்லன்னா எப்பவாவது கேக் பிஸ்கட் வைக்கலாம். மெருகுக்கு மேல கலர் கலரா எனாமல் போட்டது, தங்கக் கோடு போட்டது, மண் வகை, ஒட்டுனது எதுலயும் சாப்பாடு வேண்டாம், பழைய கலர்லயும் மெருகுலயும் ஈயம் இருக்கும், புளிக்குழம்பு ரசம் தயிர்னா அத இழுத்துக்கிட்டு வரும். மைக்ரோவேவ், டிஷ்வாஷர் ரெண்டும் கூடவே கூடாது.

2014ல ஹாங்காங் சோத்பீஸ்ல 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மிங் ராஜவம்ச காலத்து கோழிப் படம் போட்ட கப்ப வாங்குன சீனக் கோடீஸ்வரர் லியூ யிச்சியான் அதுலயே டீ குடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவர் குடிக்கலாம்.

"மச்சான், இது நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா? தங்கம் வாங்குறதுக்குப் பதிலா இத வாங்கலாமா?"

வேண்டாம் மச்சான். மேல போட்ட கணக்க எடு, நேர்ல போய் 100 ஹேமருக்கு வாங்குனா கையில இருந்து போறது 130. அதே சாமான நீ விக்கும்போது 15 சதவீதம் கமிஷன், அதுக்கு வாட், 18 போயிடும், போட்டோ சார்ஜ் தனி. ஆக 130 போட்டத திரும்ப எடுக்கவே ஹேமர் கிட்டத்தட்ட 160க்கு ஏறணும். தங்கத்துல செய்கூலி சேதாரம்னு கத்துறோமே, இது அதோட தாத்தா.

அமெரிக்காவுல கனெக்டிகட்ல ஒருத்தர் வீட்டு வாசல் சேல்ல 35 டாலருக்கு எடுத்த கிண்ணம் பதினஞ்சாம் நூற்றாண்டு மிங்குன்னு தெரிஞ்சு 2021ல 7,21,800 டாலருக்குப் போச்சு, உண்மைதான். லாட்டரி விழுந்தவன் போட்டோதான் பேப்பர்ல வரும். லண்டன் பக்கத்துல 2010ல ஒரு சீன ஜாடி 4 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு சுத்தியல் விழுந்து உலகமே பேசுச்சு, எடுத்தவர் காசே கட்டல, அது அவ்வளவா யாருக்கும் தெரியாது.

"அப்ப நான் எதுல ஆரம்பிக்கிறது?"

பத்தொம்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ் நீல வெள்ளத் தட்டு. தாமிரத் தகட்டுல செதுக்கி, டிஷ்யூ பேப்பர்ல எடுத்து, தட்டுல ஒட்டி அச்சு இறக்குனது, பேப்பர் சேர்ந்த இடத்துல டிசைன் சரியாப் பொருந்தாம விட்டிருக்கும், அதக் கண்டுபிடிக்கிறதே ஒரு சுகம். விலை ஒரு நல்ல பிரியாணிக்கு ஆகுறதுதான். வில்லோ பேட்டர்ன்னு பாலம், மரம், ரெண்டு பறவை போட்டு எங்க பாத்தாலும் இருக்குமே, அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். காதலர் ரெண்டு பேரும் ஓடிப்போய் பறவையான சீனக்கதைன்னு கடைக்காரர் சொல்லுவாரு, அது சீனாவுலயே இல்லாத கதை, டிசைனும் 1790 வாக்குல இங்கிலாந்துல போட்டது, கதை தட்டு விக்கிறதுக்காகப் பின்னாடி கட்டுனது. கதைக்கு அஞ்சு பவுண்டு கூடக் குடுக்காதீங்க, தட்டு நல்லா இருந்தா வாங்குங்க.

"வாங்குன அப்புறம் போலின்னு தெரிஞ்சா காசு திரும்ப வருமா?"

ஆன்லைன் ஷாப்பிங் மாதிரி 14 நாள்ல திருப்புற உரிமை இந்த மாதிரி பொது ஏலத்துக்குக் கிடையாது. பெரிய ஏலக்கம்பெனிங்க தலைப்புல தடிச்ச எழுத்துல சொன்னதுக்கு மட்டும் அஞ்சு வருஷ கேரன்டி தர்றாங்க. சின்ன இடங்கள்ல வேணும்னே செஞ்ச போலின்னு நீங்க நிரூபிச்சா குறிப்பிட்ட நாளுக்குள்ள திருப்பலாம்னு விதிமுறையில இருக்கும், "ஸ்டைல்"னு போட்டிருந்தா பேச்சே கிடையாது, அதான் காங்ஷி கேள்வில அவ்வளவு புலம்புனேன்.

லேப்ல டெஸ்ட் பண்ணலாமேன்னு கேப்பாங்க. தெர்மோலூமினசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, மண் கடைசியா எப்ப சுட்டதுன்னு சொல்லும், சுடுமண் பொம்மைக்கு நல்லா வேலை செய்யும். பீங்கானுக்கு அடியில துளை போட்டு எடுக்கணும். 80 பவுண்டு கிண்ணத்துல யார் துளை போடுவா.

"பீங்கான் போதும்ங்க, வாள், மெடல், தந்தம், ரோமன் காசு இதெல்லாம்?"

தந்தம் பக்கமே போகாதீங்க. இங்க 2022 ஜூன்ல இருந்து தந்தச் சட்டம் அமலுக்கு வந்தாச்சு, 1947க்கு முந்தினதா இருந்து தந்தம் 10 சதவீதத்துக்குள்ள இருந்தாக் கூட பதிவு பண்ணித்தான் விக்கணும். பழைய வெள்ளி டீபாட் கைப்பிடியில சூடு கடத்தாம இருக்க ரெண்டு துண்டு தந்தம் வச்சிருப்பாங்க, அதுக்கும் இதே கதைதான். மண்ணுல கிடைச்ச ரோமன் ஐட்டம்னா 50 வருஷம் தாண்டினது விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் நாட்ட விட்டு வெளிய எடுக்க லைசென்ஸ் வேணும், ஊருக்கு கிஃப்ட்டுன்னு பையில போட்டுக்கிட்டு வந்துடாதீங்க.

வாள் மெடல்ல கதைதான் விலை. திப்பு சுல்தான் படுக்கையறை வாள்னு 2023ல பான்ஹாம்ஸ் ஏலக்கம்பெனில ஒரு கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போச்சு, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப எடுத்து பிரிட்டிஷ் ஜெனரல் பெயர்டுக்குக் குடுத்ததுன்னு கை மாறி வந்த வழி தெளிவா இருந்துச்சு. வழி தெளிவா இருக்கு, ஆனா அந்த வழியே கொள்ளைதான். நான் இந்தப் பக்கம் கை வைக்கிறதில்ல.

"அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், காரைக்குடில இருந்து நாலு ஐட்டம் தூக்கிட்டு வரட்டுமா?"

முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு நாள் சுத்துனா நேரம் போறதே தெரியாது, பர்மா அரக்குப் பெட்டி, எனாமல் டப்பா, ஜாடின்னு கிடக்கும். (அந்த எனாமல் தூக்கு பீங்கான் இல்ல, இரும்பு மேல பூச்சு, சில்லு போன இடத்துல கறுப்பாத் தெரியும்.) ஆனா 1972 சட்டப்படி 100 வருஷம் தாண்டின பழம்பொருள தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது, செட்டியார் பர்மாவுல இருந்து கொண்டுவந்ததா இருந்தாலும் சரி. மாட்டுனா குறைஞ்சது ஆறு மாசம், கூடினா மூணு வருஷம் ஜெயில், அபராதம் தனி. 100க்குள்ளதான்னா தொல்லியல் துறையில பழம்பொருள் இல்லன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு எடுங்க, கடைக்காரர் பில் மட்டும் ஏர்போர்ட்ல செல்லாது.

மண்ணுல கிடைச்சதுன்னா இன்னும் பழைய சட்டம் ஒண்ணு இருக்கு, 1878 புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லியாகணும். பெரியபட்டினம் ஓடு வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான்.

"ஏலக் கேட்டலாக்ல நம்ம ஊர் வெண்கலச் சாமி சிலை வருது. நாமளே வாங்கி கோயிலுக்குத் திருப்பிக் குடுத்தா புண்ணியம் தானே?"

எண்ணம் நல்லதுதான், ஆனா வாங்காதீங்க. நீங்க குடுக்கிற காசு திருடுன சாமானுக்குச் சந்தை இருக்குன்னு காட்டும், அடுத்த கோயில் பூட்டு உடையும். "பழைய ஐரோப்பிய கலெக்ஷன்"னு கேட்டலாக் சொல்றதுக்கும் அர்த்தம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன் மியூசியம் 1967ல சோத்பீஸ் ஏலத்துல வாங்குன திருமங்கையாழ்வார் சிலைய எடுத்துக்கங்க, கும்பகோணம் பக்கத்துல சுந்தரபெருமாள்கோவில்ல 1957ல எடுத்த போட்டோல அதே சிலை நிக்குது. 2024ல பல்கலைக்கழகம் திருப்பிக் குடுக்க ஒத்துக்கிச்சு. அந்தப் போட்டோ பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்து வந்தது, அவங்ககிட்ட லட்சத்துக்கு மேல கோயில் போட்டோ இருக்கு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையும் அப்படித்தான், ஆஸ்திரேலியா தேசிய கேலரி 2008ல 50 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்கி 2014ல திருப்பிக் குடுத்துச்சு, வித்த சுபாஷ் கபூருக்கு 2022ல கும்பகோணம் கோர்ட்ல பத்து வருஷம் தண்டனை.

நீங்க செய்ய வேண்டியது, லாட் நம்பர், ஏலத் தேதி, எல்லாப் போட்டோவும், குறிப்பா பீடத்துல எழுத்து இருந்தா அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தமிழ்நாடு போலீஸ் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும், இந்தியா பிரைட் ப்ராஜெக்ட் மாதிரி இதையே தேடிக்கிட்டிருக்கிற தன்னார்வலர்களுக்கும் ஏலத்துக்கு முன்னாடியே அனுப்புங்க. ஏலக்கூடத்துக்கு ஃபோன் போட்டுச் சண்டை போடாதீங்க, லாட்ட சத்தமில்லாம எடுத்துட்டு சாமான விக்கிறவர் கிட்டயே திருப்பிக் குடுத்துடுவாங்க, அப்புறம் அது எங்க போச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.